முட்காட்டிலிருந்து ஆய்வரங்கத்துக்கு

மனிதனின் இரு கண்களும் ஏன் முன்பக்கமாகப் பார்க்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் மண்டை ஓடுகளை அளந்தார்கள், புதைபடிவங்களைத் தோண்டினார்கள், பல்கலைக்கழக ஆய்வரங்குகளில் ஒருவரையொருவர் மறுத்துப் பேசினார்கள். அந்த வாதத்துக்கு மிக வலுவான களச்சான்றுகளில் ஒன்று கிடைத்த இடம், திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரை ஒட்டிய முட்காடு. இது உலகத்தில் முதனிகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அய்யலூரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த கவலை.

முதலில் அந்த வாதத்தைப் பார்க்க வேண்டும். ஆடு, மாடு, முயல் எல்லாவற்றுக்கும் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. மேய்கிறபோதே பின்னால் வருகிற ஆபத்தைப் பார்த்துவிட முடியும். மனிதன், குரங்குகள், லெமூர்கள், தேவாங்கு ஆகியவை சேர்ந்த முதனி வரிசையிலோ கண்கள் முன்னுக்கு வந்துவிட்டன. இரு கண்களின் பார்வைப் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தூரத்தை நுட்பமாக அளக்க முடிகிறது. பக்கங்களில் பார்க்கும் வசதி குறைகிறது. இவ்வளவு பெரிய விலை கொடுத்து இந்தக் கண்ணமைப்பு ஏன் வந்தது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலியட் ஸ்மித், வுட் ஜோன்ஸ் போன்ற உடற்கூற்றியலாளர்கள் சொன்ன பதில், மரத்தில் வாழ்ந்ததால் வந்தது என்பது. கிளைவிட்டுக் கிளை தாவத் தூரம் தெரிய வேண்டும், பற்றிக்கொள்ளக் கை வேண்டும். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் இதையே சொல்லிவந்தன. 1970களில் மாட் கார்ட்மில் என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிமையான ஓர் எதிர்க்கேள்வியை வைத்தார். அணிலும் மரத்தில்தானே வாழ்கிறது? அதன் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன, விரல்களில் நகங்கள் கூர்மையாக இருக்கின்றன, நம்மைப்போலப் பற்றும் கையும் இல்லை. ஆனாலும் குரங்கைவிட மோசமாக அது மரமேறுவதில்லை. ஆகவே மரவாழ்வு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மெல்லிய நுனிக்கிளைகளில் பூச்சிகளைக் கண்ணால் குறிபார்த்துக் கையால் பிடித்த வேட்டைதான் காரணம் என்றார் கார்ட்மில். ஆந்தைக்கும் பூனைக்கும் கண்கள் முன்னால் இருப்பதை அவர் துணைச்சான்றாகக் காட்டினார்.

ராபர்ட் சஸ்மன் இதை ஏற்கவில்லை. பூக்கும் தாவரங்கள் பெருகிய காலத்தில் நுனிக்கிளைகளில் பழமும் பூவும் தேனும் தேடியதிலிருந்தே முதனிகளின் உடலமைப்பு உருவானது என்றார். மூன்றாவதாக டேப் ராஸ்முசென், கோஸ்டாரிகாவில் ஒருவகைப் பைம்மா விலங்கைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டுமே நடந்திருக்கலாம், பழத்துக்காக நுனிக்குப் போன விலங்கு அங்கே பூச்சியையும் பிடித்திருக்கும் என்றார். சஸ்மனும் ராஸ்முசெனும் பணியாற்றியது ஒரே இடத்தில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மானுடவியல் துறையில். எதிரெதிர்க் கருத்துள்ள இருவர் ஒரே துறையில் இருந்தால் அங்கே படிக்கிற மாணவருக்கு அது பெரும் வாய்ப்பு. எந்தக் கருத்தைச் சொன்னாலும் மறுத்துக் கேட்க ஒருவர் இருப்பார்.

இந்த மூன்று கருத்துகளுக்கும் ஒரு பொதுக்குறை இருந்தது. முதனிகளில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்கள் முன்னோக்கிக் குவிந்த விலங்கு தேவாங்கு. அது காட்டில் என்ன தின்கிறது, எப்படிப் பிடிக்கிறது, எந்தக் கிளையில் பிடிக்கிறது என்பதை யாரும் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கவில்லை. கூண்டுத் தேவாங்கைப் பற்றிக் குறிப்புகள் இருந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக முதனி மையத்தில் வளர்த்த தேவாங்குகளின் கர்ப்பகாலம், குட்டி ஈனும் முறை எல்லாம் 1985லேயே வெளிவந்துவிட்டன. காட்டுத் தேவாங்கு பற்றிக் கிடைத்தவை சிதறிய செய்திகள்தான்.

அய்யலூர் திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வழிப்பயணிகளுக்கு வண்டிக் கருப்பணசாமி கோயிலும் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையும் தக்காளிச் சந்தையும் தெரியும். சாலையை விட்டு விலகினால் மானாவாரி நிலங்கள், ஓடைகள், கரடுகள், அவற்றுக்குப் பின்னால் கடவூர்ப் பக்கம் போகும் குன்றுகள். காடு என்றதும் மனத்தில் எழும் உயர்ந்த மரங்கள் இங்கே இல்லை. உசிலை, வெள்வேல், குடைவேல், கள்ளி, காரை, சூரை என்று முள்ளும் புதருமாக, கோடையில் சாம்பல் நிறத்தில் நிற்கும் காடு. அதிகாரிகளின் பழைய கோப்புகளிலும் பலருடைய பேச்சிலும் இதற்கு ‘வறண்ட புதர்’ என்ற மதிப்புதான். பசுமை மாறாக் காட்டுக்குப் போகும் பணமும் கவனமும் ஆய்வாளர்களும் இந்தக் காட்டுக்கு நெடுங்காலம் வரவில்லை. அந்தப் புறக்கணிப்பு அறிவியலுக்கே ஏற்படுத்திய இழப்பு எவ்வளவு என்பதை அய்யலூர்த் தேவாங்குகள் காட்டிவிட்டன.

1997–98ல் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வு மாணவி வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே வந்தார். பத்தரை மாதம், இரவு இரவாக, தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். இரவு விலங்கைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. நெற்றியில் விளக்கு, அதன்மேல் சிவப்புத்தாள். வெள்ளை ஒளி அதன் கண்ணைக் கூசவைக்கும், நடத்தையை மாற்றிவிடும். சிவப்பொளி அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் புதருக்குள் இரண்டு புள்ளிகள் ஜொலிக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு நகராமல் நின்று, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று கணக்குவைத்து, அது என்ன செய்கிறது, எந்த மரத்தில் எத்தனை உயரத்தில் இருக்கிறது, அருகில் வேறு தேவாங்கு உண்டா என்று எழுத வேண்டும். ஏறக்குறைய கால்கிலோ எடையே உள்ள விலங்கு. வால் இல்லை, ஓசை எழுப்பாமல் நகரும். கிளையைப் பற்றினால் மணிக்கணக்கில் விடாது. மணிக்கட்டில் இரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னியிருப்பதால் தசை சோர்ந்துபோவதில்லை என்கிறார்கள் உடற்கூற்றியலாளர்கள். இப்படியொரு விலங்கைச் சூரைமுள் புதருக்குள், பாம்பும் தேளும் நடமாடும் நேரத்தில் தொடர்வதற்கு அந்த ஊரின் ஆட்களுடைய கண்ணும் காலும் இல்லாமல் முடியாது. ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் இரண்டு வரி நன்றியாக முடிந்துபோகிறவர்கள் அவர்கள். இந்தியக் கள உயிரியலில் இந்த நன்றிக்கடன் மிகப் பெரியது, இன்னும் சரியாகத் தீர்க்கப்படாதது.

2003லும் 2005லும் வெளிவந்த கட்டுரைகளில் நெகாரிஸ் கண்டவை அச்சேறின. பதிவான 1,238 உணவு நிகழ்வுகளில் 96 விழுக்காடு விலங்குணவு. அதிலும் எறும்பு, கறையான் போன்ற சிறு பூச்சிகள்தான் பெரும்பங்கு. முதனிகளிலேயே இவ்வளவு முழுமையாகப் பூச்சியை நம்பி வாழ்பவை மிகச் சில. கடிக்கிற எறும்பையும் நாற்றமடிக்கிற வண்டையும்கூட அது விடுவதில்லை. இன்னொரு நுட்பம் கார்ட்மிலின் வாதத்துக்கு நேராகப் பொருந்தியது. நுனிக்கிளைகளில் அந்துப்பூச்சி, தட்டான் போன்ற பறக்கும் இரையைப் பிடிக்கும்போது தேவாங்கு பின்கால்களால் கிளையைப் பற்றி எழுந்து, இரு கைகளையும் வீசிப் பிடித்தது. நடுக்கிளைகளில் ஊரும் எறும்பையும் வண்டையும் ஒரு கையால் அள்ளியது. இரை இருக்கும் இடத்தை மூக்காலும் காதாலும் அறிந்திருந்தாலும், கடைசி வீச்சில் கண்ணே வழிநடத்தியது.

வேட்டைக்காகக் கண் முன்னுக்கு வந்தது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆனால் அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. தேவாங்கு இந்த வழியில் மிகத் தொலைவு போய்விட்ட விலங்கு, தொடக்ககால முதனிகள் இப்படி முழுப் பூச்சியுண்ணிகளாக இருந்திருக்கமாட்டா, பழமும் பூச்சியும் கலந்தே உண்டிருக்கும் என்று தன் சான்றின் எல்லையையும் சேர்த்தே எழுதினார். எனக்கு இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது. தனக்குச் சாதகமான எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதன் எல்லையைத் தானே வரைவது எளிதல்ல. சஸ்மனின் கருத்தும் ராஸ்முசெனின் கருத்தும் ஒரே துறையில் புழங்கிய இடத்தில் பயின்றவருக்கு அந்தப் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. ஆய்வரங்கம் என்ற அமைப்பால் அறிவியலுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இது. கட்டுரை அச்சாகும் முன்பே, முடிவடையாத வேலையை நான்கு பேர் முன்னால் வைத்து, ‘இது வேறு காரணத்தால் இருக்கலாமே’ என்று கேட்கவைப்பது.

அதே ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் இன்னொரு குழுவும் இரவு விழித்திருந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங், அவருடைய மாணவி சிந்து ராதாகிருஷ்ணா. மேவா சிங் இருந்தது உளவியல் துறையில் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். விலங்கு நடத்தையை உளவியலின் பகுதியாகக் கொண்ட ஆய்வுமரபு அங்கே வளர்ந்திருந்தது. 1997 அக்டோபரில் தொடங்கிய அந்த ஆய்வு ஒன்றே முக்கால் ஆண்டு நீண்டது. இரண்டாயிரம் மணி நேரத்துக்கும் அதிகமான நேரடிக் கவனிப்பு. இரவில் வெளிச்சமில்லாத காட்டில் நின்று சேர்த்த மணிகள் அவை. தேவாங்கின் எல்லைப்பரப்பு, இணைசேர்தல், குட்டி வளர்ப்பு, அவை எழுப்பும் சீழ்க்கை ஒலிகள் பற்றி 2002 முதல் கட்டுரைகள் வந்தன. தாய் குட்டியைப் பிறந்த சில வாரங்கள் வயிற்றோடு சுமந்து திரிகிறது, பிறகு இரவுகளில் ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைதேடப் போகிறது. பகலில் இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேற்பட்ட தேவாங்குகள் முட்கிளைகளின் நடுவே ஒன்றையொன்று பற்றிப் பந்தாகச் சுருண்டு தூங்குகின்றன.

இரண்டு குழுக்களும் கண்டவை எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. இரவின் பெரும்பகுதியைத் தேவாங்கு தனியாகவே கழிக்கிறது என்பதை மைசூர்க் குழு அழுத்திச் சொன்னது. நெகாரிஸ் அதைவிட நெருக்கமான சமூக வாழ்வைப் பார்த்தார். ஓர் ஆணின் எல்லை சுமார் மூன்றரை ஹெக்டேர், பெண்ணுடையது அதில் பாதிக்கும் குறைவு, எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, அடிக்கடி சந்தித்துக்கொள்கின்றன என்றார். ‘தனிமை விலங்கு’ என்று இரவு முதனிகளை ஒரே சொல்லில் அடைத்துவந்த பழைய வழக்கத்தை இந்த வேறுபாடு அசைத்தது. தனியாகத் திரிவது வேறு, தொடர்பற்று வாழ்வது வேறு. ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில் இரண்டு தனித்தனிக் குழுக்கள் ஒரே இனத்தைத் தொடர்ந்தது முதனியியலில் அடிக்கடி கிடைக்கிற வாய்ப்பல்ல. ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க, முரண்பட, கூர்மையாக்க முடிந்தது.

இவற்றோடு கணக்கெடுப்பு வேலையும் நடந்தது. மேவா சிங், சான் டியாகோ விலங்குக் காட்சியகத்தின் டொனால்ட் லிண்ட்பர்க், தமிழ்நாடு வனத்துறையின் உதயன், குமாரா முதலியோர் சேர்ந்து எழுதிய திண்டுக்கல் தேவாங்குகளின் நிலை பற்றிய கட்டுரை 1999ல் ‘ஓரிக்ஸ்’ இதழில் வந்தது. வனத்துறை அதிகாரி ஒருவர் ஆய்வாளராகவும் கட்டுரையில் கையெழுத்திடுவது நல்ல அறிகுறி. அனுமதிக் கடிதம் கொடுப்பதோடு உறவு முடிந்துவிடவில்லை என்று அதற்குப் பொருள். 2002ல் திருப்பதியில் நடந்த கிழக்குத்தொடர்ச்சி மலைப் பாதுகாப்புக் கருத்தரங்கில் சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் தேவாங்குப் பாதுகாப்பைப் பற்றியே கட்டுரை வைத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் தேவாங்கின் பரவலை ஆராய்ந்த கட்டுரை 2016ல் வந்தது.

பெயரும் இந்த இடைவெளியில் மாறியது. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எல்லாத் தேவாங்குகளையும் ஒரே இனமாக எண்ணிவந்த நிலை போய், இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டில் வாழும் சிறிய செந்தேவாங்கு தனி இனமாகவும், நம்முடையதும் இலங்கையின் மற்றவையும் சாம்பல் தேவாங்கு என்ற இன்னோர் இனமாகவும் பிரிக்கப்பட்டன. நெகாரிஸ் பிறகு இலங்கைக் காடுகளுக்குப் போய்ச் செந்தேவாங்கைப் படித்தார், அதன் பிறகு ஜாவாவுக்குப் போனார். அவர் ஆக்ஸ்ஃபர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கே முதனிப் பாதுகாப்பு முதுகலைப் படிப்போடு ஓர் ஆய்வரங்கத் தொடரும் நடக்கிறது, பல நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பேசுகிறார்கள். சிந்து ராதாகிருஷ்ணா பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்துக்குப் போனார். 1988ல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியில் உருவான அந்த நிறுவனத்தில் புதன்கிழமைக் கலந்துரையாடல் என்ற மரபு நிலைத்திருக்கிறது. இயற்பியலாளர் பேசும்போது வரலாற்றாசிரியர் கேள்வி கேட்பார். முட்காட்டில் தொடங்கிய இரண்டு ஆய்வு வாழ்க்கைகள் இப்படி இரண்டு ஆய்வரங்க மரபுகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

2022 அக்டோபர் 12 அன்று தமிழ்நாடு அரசு கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் இரு மாவட்டங்களிலுமாக 11,806 ஹெக்டேர். கரூரில் கடவூர் வட்டம், திண்டுக்கல்லில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. பிறகு அய்யலூரில் தேவாங்குப் பாதுகாப்பு மையம் ஒன்று வரும் என்றும் அரசு அறிவித்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே தேவாங்கு இருந்தும், அதன் வாழிடத்துக்குச் சட்டக்காப்பு கிடைக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்த அரை நூற்றாண்டின் பிற்பாதியில் மேலே சொன்ன ஆய்வுகளும், அப்பகுதியில் பல ஆண்டுகளாகத் தேவாங்குக்காகப் பாடுபட்ட சீட்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளின் உழைப்பும் இல்லாதிருந்தால், ‘வெறும் முட்புதர்’ சரணாலயமாகியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அறிவு போன பாதையைப் பாருங்கள். அய்யலூர்க் காட்டில் சேர்ந்த தரவு செயின்ட் லூயிஸுக்கும் மைசூருக்கும் போனது. ஆங்கிலத்தில் கட்டுரையானது, பிற பல்கலைக்கழகங்களில் பாடமானது, சென்னையில் அரசாணையானது. அய்யலூருக்குத் திரும்பி வந்தது அரசாணையும் எச்சரிக்கைப் பலகையும். 1,238 கவனிப்புகளும் இரண்டாயிரம் மணி நேரமும் திரும்பி வரவில்லை. எதற்காக இந்தக் காடு காக்கப்பட வேண்டும் என்ற காரணம் தெரியாதவரிடம், இதை வெட்டாதே, அங்கே மேய்க்காதே என்ற கட்டளை மட்டும் போய்ச் சேர்ந்தால் அது அந்நியமாகத்தான் இருக்கும். தேவாங்கைப் பார்த்தால் கெட்ட சகுனம் என்ற அச்சமும், அதன் கண்ணும் முடியும் வசிய மருந்துக்கும் தாயத்துக்கும் ஆகும் என்ற நம்பிக்கையும் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைகளோடு போட்டியிட வேண்டிய செய்தி, அதைவிடச் சுவையான செய்தி, ஆங்கில ஆய்விதழ்களில் கிடக்கிறது.

இங்கேதான் பல்கலைக்கழக ஆய்வரங்கத் தொடரின் பொறுப்பு வருகிறது. நம் கல்லூரிகளில் கருத்தரங்கு இப்போது பெரும்பாலும் ஒருநாள் விழாவாகிவிட்டது. குத்துவிளக்கு, பொன்னாடை, முதன்மை உரை, மதிய உணவு, மாலையில் சான்றிதழ். 2010ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தபோது கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கும் புள்ளி கிடைத்தது. அதற்குப் பிறகு சான்றிதழுக்காகவே நடக்கிற கருத்தரங்குகள் பெருகின. இருபது பேர் வாசிக்கும் அரங்கில் ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு நிமிடம். கேள்விக்கு நேரம் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் ஆய்வு வளராது. தொடர் ஆய்வரங்கம் இதிலிருந்து வேறுபட்டது. வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒருவர், ஒரு பொருள், ஒரு மணி நேரம், அதன்பிறகு அதே அளவு உரையாடல். பேசுகிறவர் முடிந்த முடிவோடு வர வேண்டியதில்லை. அடுத்த மாதமும் அதே ஆட்கள் வருவார்கள் என்பதால் கேள்விகள் தொடர்ந்து வளரும். இதற்குச் செலவும் குறைவு, அலங்காரமும் தேவையில்லை. தேவைப்படுவது விடாமல் நடத்துகிற பிடிவாதம் ஒன்றுதான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இதற்கு இயல்பான இடம் காந்திகிராமம். 1947ல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து 1956ல் கிராமிய நிறுவனம் பிறந்தது, 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என்ற மூன்றையும் தன் கடமையாக வைத்திருக்கும் நிறுவனம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் பணிசெய்வது அங்கே படிப்பின் பகுதி. உயிரியல் துறையும் இருக்கிறது. அய்யலூரிலிருந்து திண்டுக்கல் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். அங்கே ஓர் உயிரியல்–சுற்றுச்சூழல் ஆய்வரங்கத் தொடர் நடக்குமானால், அதன் சில அமர்வுகளாவது அய்யலூரிலேயே, தமிழிலேயே நடக்க வேண்டும். தமிழில் முடியுமா என்ற தயக்கம் பொருளற்றது. 1980ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் எத்தனையோ கடினமான பொருள்களைச் சிறுவர்களுக்கே தமிழில் சொல்லியிருக்கின்றன. கண் ஏன் முன்னால் இருக்கிறது என்பதை ஆட்டுச்சந்தைக்கு வருகிறவருக்குச் சொல்வதற்கு ஆங்கிலம் எதற்கு? ஆட்டின் கண் எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும். அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த அரங்கம் பழைய ஆய்வைச் சொல்லிக்காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஊர்க்காரர்களின் கேள்விகளிலிருந்து புதிய ஆய்வு பிறக்க வேண்டும், அதற்கு இங்கே பொருள் நிறைய இருக்கிறது. முதலாவதாக நான் வைப்பது பூச்சிமருந்து. தேவாங்கின் உணவில் 96 விழுக்காடு விலங்குணவு, அதில் பெரும்பங்கு பூச்சி என்றால், பூச்சிமருந்து அதன் சோற்றில் கைவைக்கிறது என்று பொருள். அய்யலூர்ச் சுற்றுவட்டாரம் தக்காளி விளையும் நிலம். தேவாங்கு காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. தோட்டத்து வேலிகளிலும் ஓடைக்கரை மரங்களிலும் வாழ்கிறது. மருந்து தெளித்த தோட்டத்தை ஒட்டிய வேலியில் எறும்பும் வண்டும் எவ்வளவு குறைகின்றன, அந்த வேலியில் தேவாங்கு தென்படுவது குறைகிறதா என்பதை அளக்கலாம். சரணாலயத்தின் எல்லைக்கோடு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, ஏனென்றால் மருந்து தெளிக்கப்படுவது கோட்டுக்கு வெளியே. விவசாயிக்கும் இதில் ஆதாயம் உண்டு. எந்தப் பூச்சி அவருடைய பயிருக்கு எதிரி, எது இல்லை என்ற கணக்கும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது வேலி. கிளுவையும் கள்ளியும் நட்டு வளர்த்த உயிர்வேலிகள் இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். தரையில் இறங்கி நடக்கத் தயங்கும் தேவாங்குக்குக் காட்டிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து கரட்டுக்கும் போக அவை தொடர்ச்சியான பாதை. கம்பிவேலி வந்த இடத்தில் அந்தப் பாதை அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் அது தரையில் இறங்கினால் நாய் பிடிக்கும், சாலையில் வண்டி அடிக்கும், மின்கம்பியைப் பற்றினால் அங்கேயே முடிந்துவிடும். எந்தெந்த ஊரில் எத்தனை நீளம் உயிர்வேலி மிச்சமிருக்கிறது என்பதை மாணவர்கள் ஒரு பருவத்தில் நடந்தே வரைபடமாக்கிவிடலாம்.

சீமைக்கருவேலம் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது, பின்னர் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022ல் அந்நியத் தாவரங்கள் குறித்துத் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையையும் வெளியிட்டது. நாட்டு மரங்கள் அழிந்து சீமைக்கருவேலம் மட்டும் மூடியிருக்கும் இடத்தில், அதுவே தேவாங்குக்குக் கிடைத்த ஒரே கிளைத்தொடராக இருக்கக்கூடும். எந்திரத்தைவிட்டு ஒரே வாரத்தில் வழித்தெடுத்தால் அங்கிருப்பவை எங்கே போகும்? உசிலையும் வெள்வேலும் நட்டு, அவை கிளைகோத்த பிறகு படிப்படியாக அகற்றுவது நல்லது என்பது என் எண்ணம். அது சரியா என்பதைச் சோதித்துப் பார்க்க இரண்டு ஏக்கர் இங்கே, இரண்டு ஏக்கர் அங்கே என்று ஒதுக்கினால் போதும். இரவு வெளிச்சமும் இப்படிப்பட்டதே. புதிய வெள்ளை மின்விளக்குகள் அந்துப்பூச்சிகளைக் காட்டிலிருந்து தெருவுக்கு இழுக்கின்றனவா, தேவாங்கு அவற்றின் பின்னால் வருகிறதா, விலகிப்போகிறதா என்பதை ஒரு முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டுக்கே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேலை இருக்கிறது, அதை உடனே தொடங்க வேண்டும். ஆண்டுதோறும், அதே மாதங்களில், அதே தடங்களில், அதே சிவப்பு விளக்கோடு நடந்து, கிலோமீட்டருக்கு எத்தனை தேவாங்கு என்று எண்ணுவது. சரணாலய அறிவிப்புக்குப் பிறகு தேவாங்கு கூடியதா குறைந்ததா என்பதை இப்படித்தான் சொல்ல முடியும். ஒரு வெளிநாட்டு மாணவர் வந்து ஓராண்டு எண்ணிவிட்டுப் போவதால் இது நடக்காது. அய்யலூர், கடவூர்ப் பக்கத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, பல்கலைக்கழகம் முறையியலுக்குப் பொறுப்பேற்று, வனத்துறை அனுமதியோடு நிற்காமல் கூடவே நடந்து செய்ய வேண்டியது. எண்ணியவர்கள் தாங்களே ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வரங்கில் எழுந்து அந்த ஆண்டின் கணக்கைச் சொல்லட்டும். கட்டுரையில் அவர்கள் பெயர் நன்றியுரையிலிருந்து ஆசிரியர் வரிசைக்கு ஏறட்டும். அய்யலூரில் வரவிருக்கும் பாதுகாப்பு மையத்தின் திட்டவரைபடத்தில் கண்காட்சிக் கூடத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் முன்னதாக, ஐம்பது பேர் உட்கார்ந்து பேச ஒரு கூடமும், தடக்கணக்கு நோட்டுகளை அடுக்கிவைக்க ஓர் அலமாரியும் ஒதுக்கப்பட வேண்டும். கட்டடத்துக்கு அடித்தளம் போடும் முன்பே முதல் தடத்தை நடந்துவிடலாம்.